கேட்வே என்பதற்கு ‘வாயில்’ போதும்

மன்னார்குடியில் ஒரு பயிற்சி வகுப்பில் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பற்றிச் சில நாள் பாடம் எடுத்தேன். தொலைபேசி வலையமைப்பையும் இணையத்தையும் இணைக்கும் வாய்ஸ் கேட்வே என்ற கருவிக்குக் கரும்பலகையில் ‘குரல் நுழைவாயில்’ என்று எழுதியதும், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “சார், நுழையுறது இது வழியா, சரி. வெளியில வர்றது எது வழியா?” போவதும் வருவதும் அந்த ஒரே கருவி வழியாகத்தான். நான் எழுதிய சொல்தான் அவளைக் குழப்பிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல் என் மனதை விட்டு அகலவில்லை.

ஆங்கிலத்தில் ‘கேட்’ என்றால் கதவு, ‘வே’ என்றால் வழி. கோட்டை வாசல், ஊர் வாசல் போன்றவற்றுக்கு இருந்த சொல் அது. 1974இல், இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த விண்ட் செர்ஃபும் பாப் கானும் வெவ்வேறு விதமான வலையமைப்புகளை இணைப்பது எப்படி என்று எழுதிய கட்டுரையில், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கருவியை ‘கேட்வே’ என்றே குறித்தார்கள். அந்த வேலையைச் செய்யும் பெட்டிக்குப் பிற்காலத்தில் ரவுட்டர் என்ற பெயர் நிலைத்தது. நம் கணினியில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று இன்றும் இருப்பது அந்தப் பழைய வழக்கின் மிச்சம். தொலைபேசித் துறையிலோ, ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாத இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நிற்பதுதான் கேட்வே.

குரல் கேட்வேயை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தொலைபேசி நிலையத்திலிருந்து இ1 என்னும் டிஜிட்டல் இணைப்பு வருகிறது. நொடிக்கு 2.048 மெகாபிட், மொத்தம் 32 தடங்கள். ஒன்று நேரம் ஒத்துப்போவதற்கு, ஒன்று சமிக்ஞைக்கு, மீதி 30 பேச்சுக்கு. ஒவ்வொரு பேச்சுக்கும் 64 கிலோபிட் கடைசிவரை ஒதுக்கப்பட்டிருக்கும், இருவரும் மௌனமாக இருந்தாலும்கூட. மறுபக்கம் இணைய நெறிமுறை. அங்கே குரலைப் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கிப் பொட்டலமாக அனுப்புவார்கள். ஜி.729 என்ற குரல் சுருக்க முறையில் அதே குரல் 8 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். தொலைபேசிப் பக்கத்தில் அழைப்பை அமைக்கும் ஐஎஸ்டிஎன் சமிக்ஞை இணையப் பக்கத்துக்குத் தெரியாது. இணையப் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் சிப் (SIP) நெறிமுறை தொலைபேசிப் பக்கத்துக்குத் தெரியாது. நடுவில் இருப்பவர்தான் இரண்டையும் மாற்றிச் சொல்லி, எதிரொலியையும் நீக்கிக் கொடுக்க வேண்டும்.

டெல்டாக்காரன் என்பதால் எனக்கு முதலில் தோன்றிய சொல் மதகு. கல்லணையிலிருந்து கடைமடை வரை நம் பிழைப்பே மதகும் ஷட்டரும்தானே. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் காவிரிப் புதுநீர் ‘வாய்த்தலை’யில் ‘ஓ இறந்து ஒலிக்கும்’ என்று வருகிறது. வாய்த்தலை என்பது வாய்க்கால் தலைப்பு. ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்துக்கு மதகுநீர் தாங்கும் பலகை என்று பொருள். ஷட்டருக்கு ஓரெழுத்தில் ஒரு சொல்! ஆனாலும் மதகு இங்கே சரிப்படாது. மதகு அளவைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தண்ணீராக உள்ளே போனது தண்ணீராகவே வெளியே வரும். கேட்வேயில் அப்படி இல்லை.

அப்புறம்தான் ‘வாயில்’ என்ற சொல்லையே திரும்பிப் பார்த்தேன். இல்லத்தின் வாய் என்ற பொருளில் ‘இல்வாய்’ என்பது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று. இலக்கணப் போலிக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த எடுத்துக்காட்டு இது. பேச்சில் ‘வாசல்’ ஆனது. இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அகப்பாடல்களில், ஊடலால் பேசாமல் இருக்கும் தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவே சொல் எடுத்துச் செல்பவருக்கு ‘வாயில்’ என்றே பெயர். தோழி, பாணன், விறலி என்று பன்னிரண்டு வாயில்களைத் தொல்காப்பியம் கற்பியலில் அடுக்குகிறது. ஊடல் மருதத்துக்கு உரியது. மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த நிலமும், அதாவது நம் ஊர்.

ஆக, நடுவில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்கும்படி சொல்பவர் என்ற பொருள் ‘வாயில்’ என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் ‘நுழைவு’ என்று சேர்த்ததும் அது வெறும் கதவாகிவிடுகிறது. குரல் வாயில் என்றால் போதும். தொலைபேசி லைன் வழியாக இணையம் தந்த டயல்-அப் கேட்வேக்கு ‘அழைப்பு வாயில்’ என்பேன், தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி அழைத்த பிறகுதானே இணைப்பு கிடைத்தது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தப் பொருள் கைகொடுக்கும். கதவு என்று நினைப்பவர் எத்தனை துளை (போர்ட்) இருக்கிறது என்று மட்டும் எண்ணுவார். தூது சொல்பவர் என்று நினைத்தால், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு மாற்றிச் சொல்ல முடியும் என்று கேட்போம். அதைத் தீர்மானிப்பது உள்ளே இருந்து ஒலியை மாற்றித் தரும் டிஎஸ்பி சில்லுகள். ஜி.729 போன்று அதிகம் சுருக்கும் முறைக்கு உழைப்பு அதிகம், 64 கிலோபிட்டிலேயே விடும் ஜி.711இல் சமாளித்த அதே அட்டை இதில் குறைவான அழைப்புகளையே தாங்கலாம். அமெரிக்காவின் டி1 இணைப்பில் 24 தடங்கள்தான், அதற்கு மட்டும் செய்த அட்டையை இங்குள்ள இ1இல் செருகிப் பயனில்லை. நான்கு லைன் வைத்திருக்கும் நெல் மண்டிக்கு இ1 எதற்கு? நிலையத்து லைனைச் செருக எஃப்எக்ஸ்ஓ, மேசைத் தொலைபேசியைச் செருக எஃப்எக்ஸ்எஸ் என்று சில துளைகள் உள்ள சின்னப் பெட்டி போதும்.

அழைப்பு வாயிலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15இல் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு வந்த காலத்தில், மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு 56 கிலோபிட் என்ற எண் நினைவிருக்கும். வி.90 என்ற மோடம் முறையில் அந்த வேகம் வேண்டுமென்றால் சேவை தருபவர் பக்கம் டிஜிட்டல் இணைப்பு நேராக வாயிலுக்குள் வர வேண்டும். அங்கேயும் சாதாரண மோடம்களை அடுக்கி வைத்தால் ஒலி இரண்டு தடவை உருமாறும், வேகம் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்5350, ஏஎஸ்5400 போன்ற கருவிகளில் ஒரே துளை ஓர் அழைப்புக்கு மோடமாகவும் அடுத்த அழைப்புக்குக் குரல் வாயிலாகவும் மாறும். இரண்டு சேவையும் தந்தவருக்கு இதுதான் சிக்கனமாக இருந்தது. ஆனால் மோடம் அழைப்பை ஜி.729 வழியாக அனுப்பிவிடக் கூடாது. மனிதக் குரலுக்காகச் செய்த அந்தச் சுருக்கத்தில் மோடத்தின் ஒலி சிதைந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் ‘நுழைவு’ என்பதை அழித்துவிட்டு ‘குரல் வாயில்’ என்று எழுதினேன். அந்த மாணவி தன் நோட்டிலும் அடித்துத் திருத்திக்கொண்டாள்.