வெப்ப ஓட்டமா, வெப்பத் தறிகேடா?

மின்சார வண்டி தீப்பிடித்த செய்தி வந்தால் கூடவே 'வெப்ப ஓட்டம்' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. "பேட்டரியில் வெப்ப ஓட்டம் ஏற்பட்டதால் தீயை அணைக்க முடியவில்லை" என்கிறார்கள். படிப்பவருக்கு இதில் ஒன்றும் விளங்காது. விளங்கினாலும் தப்பாகத்தான் விளங்கும்.

ஆங்கில மூலச்சொல் 'தெர்மல் ரன்அவே'. முதல் பாதி சூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் பாதி கட்டுக்கு அடங்காமல் ஓடுவதைச் சொல்வது. வேதி உலைகளுக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும்கூட இதே சொல்தான்.

சரி, 'வெப்ப ஓட்டம்' என்பதில் என்ன பிழை? இயற்பியலில் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் போவதற்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பழுதில்லாத பேட்டரியிலும் அது நடக்கிறது. அது நடப்பதால்தான் பேட்டரி பிழைக்கிறது. வெப்பம் வெளியேறும் வேகத்தைவிட உள்ளே பிறக்கும் வேகம் கூடிப்போவதுதான் விபத்து. ஆக, காப்பாற்றும் செயலின் பெயரை அழிக்கும் செயலுக்குச் சூட்டியிருக்கிறார்கள். 'வெப்ப ஓடுபாதை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ரன்அவேயை ரன்வே என்று படித்ததன் விளைவு அது, வாதாடவே தேவையில்லை. 'மிகை வெப்பம்' பரவாயில்லை என்பார்கள். அதுவும் போதாது. மிகையாகச் சூடான இயந்திரத்தை நிறுத்தினால் ஆறிவிடும். இது ஆறாது.

ஏன் ஆறாது என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. வண்டியின் பேட்டரி என்பது பல லித்தியம் அயனி மின்கலங்களின் அடுக்கு. ஒவ்வொரு கலத்திலும் இரு மின்முனைகளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு உண்டு. பாலிஎத்திலீனால் ஆன தடுப்பு சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும். தடுப்பு போனால் உள்ளேயே குறுக்குச்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்யூட். சூடு இன்னும் ஏறும். நிக்கல், கோபால்ட் கலந்த ஆக்சைடு நேர்முனை சிதைந்து ஆக்சிஜனை விடும். எரிபொருளாக, மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் மின்பகு திரவம் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம் அடுத்த கலம், அதற்கடுத்தது. நுரையோ பொடியோ போட்டு வெளிக்காற்றைத் தடுத்தாலும் உள்ளே வினை நிற்காது. தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கலாம் என்றால், கலங்கள் வண்டியின் அடியில் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. தண்ணீர் படுவதெல்லாம் பெட்டியின் மேல்தான். சுடர் அடங்கி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்தும் மறுபடி பற்றிக்கொள்வது இதனால்தான்.

இத்தனையையும் சுமக்க நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. தறி என்பது யானையைக் கட்டும் தூண். கட்டு விட்டுப் போனதைத் 'தறிகெட்டு ஓடுகிறது' என்று இன்றும் பேசுகிறோம். முறைகேடு, சீர்கேடு போலத் 'தறிகேடு'. எனவே 'வெப்பத் தறிகேடு'. வினையாக வேண்டுமா? 'வெப்பம் தறிகெட்டது.' கரடுமுரடாக இருக்கிறது என்பவர்கள் 'கட்டுமீறிய வெப்பம்' என்று எழுதட்டும், பொருள் கெடாது.

அகராதியில் முதலில் கண்ணில் படும் இணைச்சொல்லை ஒட்டிவிட்டு நகரும் பழக்கம்தான் மொழிபெயர்ப்பில் என்னை வருத்துகிறது. பாதுகாப்புக் குறிப்பேடுகளில் 'தீ அணைந்ததும்' என்று எழுதுவதும் இதே அவசரத்தில் வருவதுதான். அங்கே வரவேண்டியது 'பேட்டரி முழுக்கக் குளிர்ந்ததும்'. சுடர் மறைந்ததைப் பார்த்து வண்டியின் அருகே போகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.