சி.பி.இ. ப்ரொவிஷனிங்: ஒரு சொல் விளக்கம்

புது நெட் இணைப்பு கொடுக்க வருபவர் ரூட்டர் பெட்டியை மாட்டிவிட்டு, "கொஞ்ச நேரத்துல ப்ரொவிஷன் ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நமக்குப் ப்ரொவிஷன் என்றால் மளிகைக் கடைதான் தெரியும். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே சொல்தான்.

வேர் லத்தீன்: ப்ரோ என்றால் முன், விதேரே என்றால் பார்த்தல். வீடியோ, விசா இரண்டும் இந்த விதேரேயின் பிள்ளைகள்தான். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே பார்த்துச் சேர்த்து வைப்பதுதான் ப்ரொவிஷன். கப்பலுக்கும் படைக்கும் ஏற்றி வைக்கும் தானியம், உப்புக்கண்டம் எல்லாம் அந்தப் பெயரில் வந்தன. தொலைபேசித் துறை அதை எடுத்துக்கொண்டு, சந்தாதாரருக்கு லைன் ஒதுக்கிச் சேவையைத் தயார் செய்வதற்குப் பெயராக்கியது.

சி.பி.இ. என்பது கஸ்டமர் பிரிமிசஸ் எக்யுப்மென்ட், அதாவது வாடிக்கையாளர் இடத்தில் இருக்கும் கருவி. பிரிமிசஸ் என்ற சொல்லின் கதை நம் பத்திர எழுத்தர்களுக்குப் பிடிக்கும். ஆங்கிலச் சொத்துப் பத்திரங்களில் தொடக்கத்தில் வீட்டை விவரித்துவிட்டு, பிறகெல்லாம் 'முன் சொன்னது' என்ற பொருளில் பிரிமிசஸ் என்று எழுதினார்கள். நம் ௸ போல. மேற்படி என்ற சொல்லே நாளடைவில் வீடாகிவிட்டது! அமெரிக்காவில் நெடுங்காலம் வீட்டுத் தொலைபேசியே கம்பெனியின் சொத்து. பிறர் செய்த கருவியையும் லைனில் மாட்டலாம் என்று 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தீர்ப்பான பிறகுதான் 'வாடிக்கையாளர் கருவி' தனி வகையாக வளர்ந்தது.

சரி, ஆள் போன பிறகு பெட்டி என்ன செய்கிறது? இங்கே டி.ஆர்-069 வருகிறது. பிராட்பேண்ட் துறைக் கம்பெனிகளின் கூட்டமைப்பான டி.எஸ்.எல். ஃபோரம் 2004-இல் வெளியிட்ட நெறிமுறை இது; வீட்டுப் பெட்டியைக் கம்பெனி தூரத்திலிருந்தே நிர்வகிப்பதற்கானது. ரூட்டர் உயிர்பெற்று ஐ.பி. முகவரி வாங்கியதும், கம்பெனியின் ஏ.சி.எஸ். (ஆட்டோ கான்ஃபிகரேஷன் சர்வர், அதாவது பெட்டிகளைத் தானாக அமைத்துக்கொடுக்கும் சர்வர்) எங்கே என்று தானே தேடிப் போய் 'இன்ஃபார்ம்' என்ற செய்தியை அனுப்பும். அதில் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், எதற்காக வந்தேன் என்ற காரணம் எல்லாம் இருக்கும். முதல் முறை என்றால் காரணம் '0 பூட்ஸ்ட்ராப்'. சர்வர் வரிசை எண்ணை வைத்து இது யார் வீட்டுப் பெட்டி, என்ன பிளான் என்று கண்டுபிடித்து, வைஃபை பெயர், தொலைபேசிக் கணக்கு, தேவைப்பட்டால் பெட்டியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப் பதிப்பு வரை இறக்கிவிடும். பேச்சைத் தொடங்குவது எப்போதும் ரூட்டர்தான். சர்வருக்கு அவசரம் என்றால் கதவைத் தட்டி 'என்னைக் கூப்பிடு' என்று மட்டும் சொல்லலாம்.

அந்தக் கதவு வழக்கமாக 7547-ஆம் போர்ட், அதாவது ரூட்டரில் இதற்கென ஒதுக்கிய எண்ணிட்ட நுழைவாயில். 2016 நவம்பரில், நெட்டில் இணைந்த கருவிகளைக் கைப்பற்றும் மிராய் வகைத் தீநிரல் ஒன்று உலகெங்கும் இதே கதவைத் தட்டியதில், ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரூட்டர்கள் முடங்கின. தொற்று உள்ளே நுழையவில்லை, தட்டிய தட்டிலேயே படுத்துவிட்டன. தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி வேண்டும்தான். ஆனால் அந்தக் கதவை ஊருக்கே திறந்து வைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

இனி, ப்ரொவிஷனிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? கருவியின் அமைப்புகளைக் குறிக்கும் கான்ஃபிகரேஷனுக்கு 'அமைவடிவம்' இருக்கிறது. ஆனால் அது ப்ரொவிஷனிங்கில் ஒரு பகுதிதான். ஆளைக் கண்டறிவது, சேவையை ஒதுக்குவது எல்லாம் அதற்குள் அடங்காது. 'வழங்கல்' என்று சொன்னால் ரேஷன் கடை நினைவுக்கு வரும், அதோடு சர்வரையே நாம் 'வழங்கி' என்கிறோம், குழப்பம். எனக்கு 'முன்னேற்பாடு' பிடிக்கிறது. லத்தீன் வேரில் இருக்கும் 'முன்' இதிலும் இருக்கிறது. மழைக்கால முன்னேற்பாடு என்று செய்தித்தாளில் வருவதால் தனியாக நின்றால் மயங்கலாம். 'சேவை முன்னேற்பாடு' என்று சேர்த்து எழுதினால் தீர்ந்தது. ஆள் கை வைக்காமல் பெட்டி தானே தயாராகும் ஜீரோ டச் ப்ரொவிஷனிங்கைக் 'கைபடா முன்னேற்பாடு' எனலாம். சி.பி.இ.-க்கு 'வாடிக்கையாளர் வளாகக் கருவி' என்று எழுதுவதுண்டு. ஒற்றைப் படுக்கையறை வீட்டை வளாகம் என்பது கொஞ்சம் அதிகம். 'வாடிக்கையாளர் இடக் கருவி' போதும்.

ரூட்டருக்குத் தமிழில் திசைவி. கையேட்டில் 'திசைவியின் சேவை முன்னேற்பாடு முடிந்தது' என்று எழுதுங்கள். போனில் வாடிக்கையாளர் கேட்டால், "பெட்டி ரெடி, ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."