இடையா, இடுப்பா, அரையா?

மதுரையில் ஒரு மருத்துவ முகாமில் கையில் கொடுத்த சீட்டில் ‘வெயிஸ்ட் 94, ஹிப் 98’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அச்சடித்த தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: இடுப்பு. கீழே ‘இடுப்பு-இடுப்பு விகிதம்’ வேறு. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, நமக்கு ரெண்டு இடுப்பா இருக்கு?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். பேச்சில் ‘இடுப்பு’ நிஜமாகவே இரண்டு வேலை பார்க்கிறது. சேலையை இடுப்பில் செருகுகிறோம், அது ‘வெயிஸ்ட்’. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைக்கிறோம், அது ‘ஹிப்’. எழுதும்போது பிரித்துக்கொள்ள நம்மிடம் சொல் இருக்கிறது. இடை என்றால் நடு. இடைவெளி, இடைவேளை எல்லாம் அதன் உறவு. ஆகவே வெயிஸ்ட்டுக்கு இடைச் சுற்றளவு, ஹிப்புக்கு இடுப்புச் சுற்றளவு, இரண்டையும் வகுத்தால் இடை-இடுப்பு விகிதம். குழப்பம் தீர்ந்தது.

‘வெயிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ‘வளர்தல்’ என்று பொருள்படும் பழஞ்சொல் என்கிறார்கள். தொப்பைக்காரர்களைப் பார்த்தே வைத்த பேர் மாதிரி இருக்கிறது!

அளக்கும் இடத்திலும் தகராறு உண்டு. புதுமண்டபத்தில் வரிசையாகத் தையல் மிஷின் ஓடிய காலத்தில், பேன்ட் நிற்கிற இடத்தில்தான் டேப்பைச் சுற்றுவார்கள். தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கிற பேன்டின் 34 இஞ்சு உடல்நலக் கணக்குக்கு உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் டேப்பைத்தான் ஏமாற்றலாம்.

இந்தியர்களுக்கு இடைச் சுற்றளவின் எல்லை ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடச் சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணிலும் இதே எண்களிலிருந்துதான் புள்ளி ஏறத் தொடங்கும். எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் முன்னே வருவது நம்மிடம் அதிகம். எடையும் உயரமும் மட்டும் பார்க்கிற பி.எம்.ஐ. அதைத் தவறவிடும். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பைவிடக் குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வம்பு. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிற இன்சுலினின் சொல்பேச்சு எடுபடாமல் போகிறது. உடம்பில் கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம் என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதிவிட்டார்.

எனக்குப் பிடித்த சொல் இன்னொன்று: அரை. இடைக்கும் அதுதான் பேர், பாதிக்கும் அதுதான் பேர். உடம்பைப் பாதியாகப் பிரிக்கிற இடம். அதில் கட்டுகிற ஞாண் அரைஞாண். நம் ஊர் வாயில் அருணாக்கயிறு. அது இறுகினால் ‘தொப்பை போட்டிருச்சு’ என்று டேப் இல்லாமலே தெரிந்துவிடும்.

இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கும் அரைதான். இடைச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 165 செ.மீ. உயர ஆணுக்கு அது 82.5 செ.மீ. ஆகவே 90-க்குள் இருக்கிறேன் என்று அவர் நிம்மதியாக இருக்க முடியாது. டேப் இல்லையா, பூக்கட்டும் நூலை உங்கள் உயரத்துக்கு அறுத்து, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். என் நூல் நாலு விரல் எட்டவில்லை.