மறைவதற்குத் தைத்த உடுப்பில் இருட்டில் பைக் ஓட்டாதீர்கள்

மொரீஷியஸின் வாக்கோவா பக்கம் ஜூலை மாதக் குளிர்காலத்தில் காலை ஐந்தரைக்கும் கும்மிருட்டுதான், சாரல் வேறு. அப்படி ஒரு காலையில், இரவுக் காவல் முடித்து பைக்கில் வீட்டுக்குக் கிளம்பிய ஒரு படைவீரத் தம்பியை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். எதிரே வந்த வேன் வலது பக்கத் தெருவுக்குள் திரும்பியிருக்கிறது, இவர் நேராகப் போய் அதன் பக்கவாட்டில் மோதிவிட்டார். வேன்காரர் வராந்தாவில் உட்கார்ந்து "ஆளை நான் பார்க்கவே இல்லை" என்று கிரியோல் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரை நம்பினேன். தம்பி போட்டிருந்தது சீருடை, அதாவது புதருக்குள் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்றே நிறம் பார்த்துச் செய்த துணி. மிச்சம் இருந்தது பைக்கின் ஒற்றை விளக்கு. காருக்கு இரண்டு விளக்கு, கிட்ட வர வர இடைவெளி விரியும், வேகம் புரியும். ஒற்றை விளக்கில் அது தெரியாது, தூரத்தில் மெதுவாக வருவது மாதிரியே இருக்கும்.

மொரீஷியஸில் தனி ராணுவம் இல்லை, 1960இல் தொடங்கிய ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸ் என்ற காவல்துறைப் படைப்பிரிவுதான் அந்த வேலையைப் பார்க்கிறது. புயலானாலும் வெள்ளமானாலும் முதலில் இறங்குகிற பிள்ளைகள் இவர்கள். காவலை விட வீடு திரும்பும் அந்த அரைமணி நேரம்தான் இவர்களுக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

ராணுவமும் பைக்கும் இருட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பழைய கதை. 1935இல், முதல் உலகப்போரில் பேர்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி 'அரேபியாவின் லாரன்ஸ்' ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவே திரும்பாமல் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதை மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின் முதல் 21 மாதங்களில், குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைத்த பிரிட்டனின் சாலைகளில் பைக்கில் போன 2279 பேர் செத்ததை அவர் 1941இல் எழுதினார். அந்த வருஷம் நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் பணியில் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

சரி, ஹெல்மெட் எல்லோரும் போடுகிறீர்கள். ஒளிரும் ஜாக்கெட்டும் பலரிடம் இருக்கிறது, ஆனால் அதன் மேல் முதுகுப்பையை மாட்டினால் பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்? மழைக்கோட்டை மேலே போட்டால் அதுவும் போச்சு. ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், முதுகுப்பையின் மேல் ஒளிரும் உறை போடுங்கள், கணுக்காலில் ஒரு பட்டை கட்டுங்கள். கால் அசையும்போதுதான் அங்கே ஒரு மனுஷன் இருப்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். ஹெல்மெட்டின் வைஸர், அதாவது முகக் கண்ணாடி, கீறல் விழுந்திருந்தால் எதிர் வெளிச்சத்தை முகம் முழுக்கச் சிதறடிக்கும், மாற்றிவிடுங்கள். கறுப்பு வைஸர் ராத்திரிக்கு வேண்டவே வேண்டாம்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டரில் போனால், மூளை விஷயத்தைப் புரிந்துகொண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும், காய்ந்த ரோட்டிலும் நிற்க இன்னொரு 20 வேண்டும். லா மாரி பக்கத்து மூடுபனியில் 45 மீட்டர் உங்களுக்குத் தெரிகிறதா? கரும்பு வெட்டும் காலத்தில் லாரியிலிருந்து விழுந்த கழிகளும் சேறும் வேறு கிடக்கும்.

அப்புறம் தூக்கம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவருடையதைப் போலத்தான் வேலை செய்யும். கிளம்பும் முன் 20 நிமிஷம் படுங்கள், எழுந்ததும் முகம் கழுவிக் கொஞ்சம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். மேலதிகாரிகளே, தயவுசெய்து அதற்கு ஒரு பாய் போட இடம் கொடுங்கள்.

அந்தத் தம்பி பிழைத்துவிட்டார். தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். ஹெல்மெட்டில் வெளியே ஒரு கீறல்தான், நல்லாத்தானே இருக்கு, சின்னவன் போட்டுக்கொள்வான் என்று அவர் அம்மா கேட்டார். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான், அடுத்த அடியைத் தாங்காது என்று அவரிடம் சொன்னேன். கத்தரி எடுத்து அதன் வாரை வெட்டிவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன்.