கோத்: விலா எலும்பிலிருந்து திராட்சைச் சாரல் வரை

2019 ஜூலை 8, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள். பெல்ஜியத்தில் கிளம்பிய வீரர்கள் ஷாம்பெய்ன் வட்டாரத்தின் எப்பெர்னே நகரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் 16 கிலோமீட்டர் இருக்கையில் சாலை திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து சட்டென்று நிமிர்ந்தது. வெறும் 900 மீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 12 மீட்டருக்கு மேல் உயரம். அங்கேதான் பிரெஞ்சு வீரர் ஜூலியன் அலாஃபிலிப் கூட்டத்தை உதறிவிட்டுத் தனியே போனார். அன்று மாலை, மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை அவருடையது. பந்தய வரைபடத்தில் அந்த இடத்தின் பெயர் ‘கோத் தெ மியுதீஞி’.

எப்பெர்னேக்குத் தெற்கே, ஷார்டொனே என்னும் வெள்ளைத் திராட்சை விளையும் நிலத்தொடரின் பெயர் ‘கோத் தே பிளான்’. கிழக்குப் பிரான்சில் பர்கண்டியின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரங்கள் ‘கோத் தெ நுயி’, ‘கோத் தெ போன்’. சைக்கிள்காரனின் மூச்சை வாங்குவதற்கும் ஒயின்காரன் புட்டியில் பெருமையோடு ஒட்டிக்கொள்வதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருப்பது ‘கோத்’ என்ற ஒரே சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. கடற்கரை, குன்று, மலை, சரிவு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட முடியும். நான்கும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் பிறப்பு. லத்தீனில் ‘கோஸ்தா’ என்றால் விலா எலும்பு. விலா இருக்கும் இடம் உடம்பின் பக்கம். எனவே பக்கம் என்ற பொருளும் அதற்கு உண்டு. பழைய பிரெஞ்சில் இது ‘கோஸ்த்’ ஆயிற்று. பிறகு நடுவிலிருந்த ஸகரம் வாய்ப்பேச்சில் தேய்ந்துபோனது. எழுத்தில் மட்டும் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1740இல் வெளிவந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி இப்படிப்பட்ட ஊமை ஸகரங்களைப் பெருமளவில் நீக்கியது. அதன் நினைவாக உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கூரைக்குறி நின்றுவிட்டது. ஒகரம் நீண்டு ஒலிக்கும் இந்தச் சொல்லைத் தமிழில் ‘கோத்’ என்று எழுதுவதே உச்சரிப்புக்கு நெருக்கம். இறுதி மெய்யைப் பிரெஞ்சுக்காரர்கள் நாக்கு நுனி பல்லில் படும்படி சொல்கிறார்கள்.

உடம்பின் பக்கம் மலையின் பக்கமாயிற்று; மலையின் பக்கம் கடலின் பக்கமும் ஆயிற்று. ஸகரம் தொலைவதற்கு முன்பே ஆங்கிலம் கடன் வாங்கிய வடிவம்தான் ‘கோஸ்ட்’. இறைச்சிக் கடையில் கோத் இன்றும் விலாத்துண்டுதான். அதன் சிறுமை வடிவம் ‘கோத்லெத்’, அதாவது சின்ன விலா. அதை ஆங்கிலம் ‘கட்லெட்’ ஆக்கியது. நம் ஊர்த் தேநீர்க் கடையில் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் வைத்துப் பொரித்துத் தருகிற கட்லெட்டில் எலும்பு ஏதுமில்லை. பெயரில் மட்டும் ஒரு விலா இருக்கிறது.

கடலுக்கும் மலைக்கும் ஒரே சொல் இருப்பதால் வரும் குழப்பத்துக்கு நல்ல சான்று ‘கோத் தாஸ்யூர்’. பிரான்சின் தெற்குக் கடலோரத்துக்கு, நீலக்கரை என்ற பொருளில், இந்தப் பெயரை 1887இல் வழங்கியவர் ஸ்தெஃபான் லியெஜார். அவர் பிறந்தது டிஜோன் நகரில். அது இருப்பது ‘கோத் தோர்’ மாவட்டத்தில். கடலே இல்லாத அந்தத் திராட்சை மாவட்டத்தின் பெயரை அச்சாக வைத்துத்தான் கடற்கரைக்குப் பெயர் வார்த்தார். ஆகவே கோத் தோரைத் ‘தங்கக் கடற்கரை’ என்று மொழிபெயர்ப்பவர் மகளின் சாயலைத் தாயின் முகத்தில் ஏற்றுகிறார். அந்த மாவட்டப் பெயருக்கே இரண்டு விளக்கங்கள் உண்டு. இலையுதிர்காலத்தில் கொடிகள் பொன்னிறமாவதால் தங்கச் சாரல் என்பது ஒன்று. கிழக்கு நோக்கிய சாரல் என்பதன் குறுக்கம் என்பது மற்றொன்று. நிலம் உண்மையிலேயே கிழக்கு நோக்கித்தான் கிடக்கிறது.

அந்த நிலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஜோனிலிருந்து தெற்கே சாந்த்னே வரை நீளமான, அதிக உயரமில்லாத ஒரு மேட்டின் ஓரம். கீழே கிழக்கில் சோன் ஆற்றுச் சமவெளி. உச்சியில் காடு. இரண்டுக்கும் நடுவில் பட்டையாகத் திராட்சை. 1937இல் இதன் வழியாக வகுத்த, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயின் பாதை, சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இன்றும் பிடித்தமானது. அடியிலுள்ள பெருஞ்சாலையில் போகும்வரை தொடைக்கு வேலையில்லை. மேற்கே எந்தக் கிராமத்துக்குத் திரும்பினாலும் கியரை மாற்ற வேண்டியிருக்கும். பெரும்பாலும் அந்த நடுச் சாய்விலேதான் ‘கிரான் க்ரூ’ எனப்படும் உச்ச மதிப்புள்ள தோட்டங்கள் இருக்கின்றன. மழைநீர் தேங்காமல் வடிகிறது. காலை வெயில் நேராக விழுகிறது. இரவின் குளிர்காற்று கனத்து, வழிந்து, சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. மண்ணின் படலம் மெல்லியது என்பதால் வேர் ஆழத்துக்குப் போகிறது. அடியில் தட்டையான இடத்தில் விளைவது சாதாரண ஒயின். ஆக இங்கே கோத் என்பது உயரத்தின் பெயரல்ல, சாய்வின் பெயர். குன்று, மலை என்ற சொற்கள் தவறிப்போவது இதனால்தான்.

காட்டையும் தாண்டி மேற்கே போனால் ‘ஓத் கோத்’, மேற்சாரல். அங்கே சாலை ஏறி இறங்கி மறுபடியும் ஏறுகிறது; கால்கள் அந்தப் பெயரை மறப்பதில்லை.

பந்தயத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. வரைபடத்தில் சில ஏற்றங்கள் ‘கோத்’ என்றும் சில ‘கொல்’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். கொல் என்பது லத்தீனில் கழுத்தைக் குறிக்கும் ‘கொல்லும்’ என்ற சொல்லின் வழி வந்தது; இரண்டு சிகரங்களுக்கு நடுவே மறுபக்கம் இறங்க வழி விடும் தாழ்ந்த இடம். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை: கணவாய். அவர்கள் கழுத்து என்று கண்டதை நாம் வாய் என்று கண்டிருக்கிறோம். கோத் அப்படியல்ல. அது மலையின் ஒரு பக்கம் மட்டும். பெரும்பாலும் குறுகியது, செங்குத்தானது. கணவாய்களில் நெடுநேரம் ஒரே சீராக மிதிப்பவர்கள் வெல்கிறார்கள். கோத்தில் வெல்வோருக்குப் ‘பன்ஷர்’ என்று பெயர், கைமுட்டியால் குத்துவதுபோல் ஒரே வீச்சில் பாய்பவர். அலாஃபிலிப் அந்த வகை. எனவே கோத்தைக் கணவாய் என்று எழுதினால் பந்தயத்தின் கதையே மாறிவிடும்.

‘சரிவு’ ஏன் கூடாது? சரி என்னும் வினையே கீழ்நோக்கிப் போவது. நிலச்சரிவு, விலைச்சரிவு எல்லாம் வீழ்ச்சிதான். ‘சரிவில் பாய்ந்து முந்தினார்’ என்று எழுதினால், இறக்கத்தில் விரைந்தார் என்றே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோத் என்றதும் நம் ‘கோடு’ காதில் ஒலிக்கும். கோடு என்றால் மலைமுடி. திருச்செங்கோடு அந்தப் பொருளில்தான் நிற்கிறது. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் மலையைத் தொடுகிறது, ஆகவே உறவு என்று முடிவு கட்டத் தோன்றும். வேண்டாம். கோத்தின் வேர் விலா எலும்பைச் சொல்லும் கோஸ்தா. கோடு வளைவிலிருந்தும் கொம்பிலிருந்தும் வருவது. போலியான உறவு நம் சொல்லுக்குப் பெருமை சேர்க்காது.

எனக்குப் பட்ட சொல் ‘சாரல்’. இன்று சாரல் என்றால் குற்றாலத்துத் தூறல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது பின்னால் வந்த பொருள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் கரிய கொம்புகளையுடைய குறிஞ்சி பூப்பது சாரலில். அங்கே அது மலையின் பக்கம். ‘மலைச்சாரல்’ என்பதில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடிருக்கிறது. வேர் ‘சார்’, சாய்ந்திருத்தல், அணைந்திருத்தல். மலையின் மேல் சாய்ந்து கிடக்கும் நிலம்.

இந்த வேரைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. பர்கண்டிக்காரர்கள் தங்கள் சாரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 1,247. அந்தத் துண்டுக்கு அவர்கள் சொல் ‘கிளிமா’. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இவற்றைத்தான். தட்பவெப்பத்துக்கும் பிரெஞ்சில் இதே சொல்தான், ஆனால் மூலக் கிரேக்கத்தில் ‘கிலிமா’ என்றால் சாய்வு. சாய்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. அங்கே சாய்வு வானிலையாக மாறியது. இங்கே சாய்வு மழைத்தூறலாக மாறியது. இரண்டு மொழிகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் மலைப்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் நிலத்தின் சாய்வையும் வானத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

ஆக, நிலத்தையும் ஒயினையும் பேசும்போது சாரல். மிதித்து ஏறுவதைப் பேசும்போது ஏற்றம். ‘ஏத்தம்’ என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்தான். பிரெஞ்சு ஒன்றாக வைத்திருப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்தால் குற்றமில்லை. புட்டியிலுள்ள சட்டப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்துவிடலாம். ரோன் ஆற்றோர ஒயின்களின் ‘கோத் தியு ரோன்’ என்ற பெயர் இன்று தட்டையான நிலங்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அது முகவரி, வருணனையல்ல. ‘கோத் ரோத்தீ’க்கு மட்டும் ஒருமுறையாவது பொருள் சொல்ல ஆசை: வெயிலில் வறுபட்ட சாரல். டிராக்டர் ஏற முடியாத செங்குத்தில் கல்லடுக்கு வரப்புகள் கட்டி, குச்சி நட்டுக் கொடி வளர்க்கும் இடம் அது.

இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கும் இடம் போஜொலே வட்டாரத்தின் 484 மீட்டர் ப்ரூயி மலை. அதன் பக்கங்களில் விளைவதே ‘கோத் தெ ப்ரூயி’ ஒயின். உச்சியில், நோய்களிலிருந்து கொடிகளைக் காக்க வேண்டி 1857இல் கட்டி முடித்த மாதா கோயில். 2016இல் பாரிஸ்–நீஸ் பந்தயம் இந்த மலையில் முடியவிருந்தது. பனி பெய்து அந்த நாளையே ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள். போழ்யே என்ற ஊரிலிருந்து 14.5 கிலோமீட்டர், கடிகாரத்தை எதிர்த்து ஒவ்வொருவராக. அன்றும் வென்றவர் அலாஃபிலிப். அதைத் தமிழில் எழுதினால் இப்படி எழுதுவேன்: ப்ரூயிச் சாரலின் கடைசி ஏற்றத்தில், கொடிகளுக்கு நடுவே, எல்லோரையும்விட விரைவாக மிதித்தார்.