எல்லாம் பச்சை, ஆர்டர் எங்கே?

மறுபடியும் அதே அழைப்பு. "சர்வர் எல்லாம் நன்றாக ஓடுகிறது சார், ஆனால் காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட உறுதியாகவில்லை." பெரிய அளவில் தரவு ஓடும் அமைப்புகளைக் கட்டித் தருவதும், அவை முரண்டு பிடித்தால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இந்த ஒரே பிரச்சினை வேறு வேறு நிறுவனங்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கருவிகள் இல்லாமல் இல்லை. போய்ப் பார்த்தால் சர்வர்களை அளக்கும் ப்ரோமிதியஸ் இருக்கும், அந்த அளவுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா இருக்கும், சர்வீஸ்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா இருக்கும். சுவரில் பெரிய திரை மாட்டி, அதில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக ஒளிரும்.

இந்தமுறை என்ன நடந்தது என்று சொல்கிறேன். பணம் செலுத்தியதை உறுதிப்படுத்தி வெளியிலிருந்து வரும் செய்தியில் ஒரு புலத்தின் வடிவம் மாறிவிட்டது. அதைப் படிக்கும் சர்வீஸுக்கு அது புரியவில்லை. புரியாத செய்திகளை ஒதுக்கி வைக்கும் தனி வரிசையில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. கோரிக்கைக்கு 200, அதாவது வெற்றி, என்று பதில் போனது, அதனால் பிழை விகிதம் பூஜ்யம். செய்தியை எடுத்தாகிவிட்டதால் காஃப்காவில் தேக்கமும் பூஜ்யம். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததால் சிபியு பயன்பாடுகூட இறங்கியிருந்தது. வாடிக்கையாளர்களின் பணம் போய்க்கொண்டிருந்தது, ஆர்டர்கள் "பணத்துக்காகக் காத்திருக்கிறது" என்ற நிலையிலேயே நின்றன. அதைக் கண்டுபிடித்தது மென்பொருள் அல்ல, வாடிக்கையாளர்களின் கோபமான அழைப்புகள்.

சர்வர் நலம் வேறு, தொழில் நலம் வேறு. எத்தனை தடவை சொன்னாலும் இது ஏறமாட்டேன் என்கிறது, அதனால் இன்னும் விளக்கமாகவே சொல்கிறேன். சிபியு, நினைவகம், டிஸ்க், பதில் நேரம் இவையெல்லாம் இயந்திரத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில். எஞ்சின் சீராக ஓடுகிறது என்பதால் ரயில் போக வேண்டிய ஊருக்குத்தான் போகிறது என்று ஆகிவிடாது. பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு 10 நிமிடத்துக்குள் ஆர்டர் உறுதியானது? உறுதியானதில் எத்தனை கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது? திருப்பித் தர வேண்டிய பணம் எவ்வளவு நிலுவையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்காவிட்டால் எந்த டாஷ்போர்டும் தானாகக் கேட்காது. ப்ரோமிதியஸ் 2012-இல் இணையத்தில் இசை பகிரும் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது, அங்கே ஓடிய சர்வீஸ்களைக் கண்காணிக்க. அந்த வேலைக்கு அது அருமையான கருவி. அதில் கணக்குப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பில் போடுவதுபோல நூறு சதவீதத் துல்லியம் தேவைப்பட்டால் இது பொருத்தமில்லை என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு எண் எவ்வளவு கூடியது என்று சொல்லும் அதன் இன்கிரீஸ் ஃபங்ஷன் இடைவெளிகளை மதிப்பிட்டு நீட்டிக் கணக்கிடுவதால், முழு எண்ணாக இருக்க வேண்டிய ஆர்டர் எண்ணிக்கை 12.4 என்றுகூட வரும். அதை அப்படியே நிதிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் கூட்டத்தில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழில் நிகழ்வுகளுக்கான பாதை வேறு. தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை டெபீசியம் என்ற கருவி மூலம் எடுத்துக் காஃப்காவில் விடலாம். "பணம் வந்தது" என்ற நிகழ்வையும் "ஆர்டர் உறுதியானது" என்ற நிகழ்வையும் ஆர்டர் எண்ணை வைத்து, ஓடும் தரவை உடனுக்குடன் கணக்கிடும் ஃபிளிங்கில் கோக்கலாம். குறித்த நேரத்துக்குள் ஜோடி சேராதவற்றைத் தனியே எடுத்து எண்ணலாம். சேர்ந்த தரவிடம் கேள்வி கேட்க கிளிக்ஹவுஸ், ட்ரூயிட், பினோ என்ற தரவுத்தளங்கள் மூன்றுமே திறமூலமாகக் கிடைக்கின்றன. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்றில் எதுவும் போதும். எந்த ஜோடிகளை எண்ணுவது என்று வாதாடுங்கள், அதுதான் பயன் தரும்.

இப்போது நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள்.

ப்ரோமிதியஸில் அளவீடுகளைப் பிரித்துக் காட்ட ஒட்டும் லேபிளில் ஆர்டர் எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஒவ்வொரு புதிய மதிப்புக்கும் ஒரு புதிய காலத்தொடர் உருவாகும். நினைவகம் தீர்ந்து, சரியாகக் கூட்டம் அதிகமுள்ள நாளில் கண்காணிப்பே படுத்துவிடும்.

தரவு வரவில்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல. "ஆர்டர் 5-க்குக் கீழே போனால் எழுப்பு" என்று விதி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். எண்ணை அனுப்பும் சர்வீஸே செத்துவிட்டால் ஒப்பிட எண்ணே இருக்காது, அலெர்ட்டும் அடிக்காது. தரவே வராததைக் கண்டுபிடிக்கும் ஆப்சென்ட் ஃபங்ஷனை வைத்து இன்னொரு விதி எழுதுங்கள். அப்புறம், எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலெர்ட்டை வெளியில் உள்ள வேறொரு அமைப்புக்கு அனுப்புங்கள். அது நின்றால் உங்கள் கண்காணிப்பே நின்றுவிட்டது என்று தெரியும்.

நிலையான எல்லை வைத்துத் தொழில் எண்களை அளக்காதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஆர்டர் குறைவது இயல்பு, மாலையில் அதே எண் வந்தால் ஆபத்து. போன வாரம் இதே கிழமை, இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

நிகழ்வு நடந்த நேரம் ஒன்று, அது உங்களிடம் வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. மணிக்கணக்கு விற்பனையை நடந்த நேரத்தை வைத்தே கூட்டுங்கள். ஃபிளிங்க், நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், காலந்தாழ்ந்து வந்த நிகழ்வுகளைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். அவற்றைத் தனி வழியில் திருப்பிச் சேமியுங்கள். ஒரே செய்தி இரண்டுமுறை வருவதும் சாதாரணம். கிளிக்ஹவுஸில் இரட்டை வரிகளை நீக்கும் ரிப்ளேசிங் மெர்ஜ் ட்ரீ என்ற அட்டவணை வகையைப் போட்டுவிட்டோம், இரட்டைகள் போய்விடும் என்று நம்புகிறார்கள். போகும், ஆனால் பின்னணியில் தரவு ஒன்றுசேரும்போதுதான் போகும். அது எப்போது என்று உறுதியில்லை. அதுவரை உங்கள் விற்பனை எண் கூடுதலாகத் தெரியலாம்.

பாதுகாப்பு பற்றியும் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்வர் அளவீடு வெளியே போனால் சங்கடம், தொழில் நிகழ்வு வெளியே போனால் மனிதர்களின் பெயரும் முகவரியும் வாங்கிய பொருளும் போகின்றன. தரவைச் சேமித்துத் தேடும் எலாஸ்டிக்சர்ச்சில் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2022-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்தைய பதிப்புகளை 9200-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்தவர்கள் ஏராளம். 2020-இல் மியாவ் தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த தரவுத்தளங்களைத் தேடித் தேடி அழித்தது. எண்ணிப் பார்க்க ஆர்டர் எண்ணும் தொகையும் நேரமும் நிலையும் போதும். தொலைபேசி எண் எதற்கு? காஃப்காவுக்குள் நுழையும் முன்பே அதை நீக்கிவிடுங்கள்.

சேமிப்புக் காலத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மாற்றாமல் விட்டால் காஃப்கா 7 நாளும் ப்ரோமிதியஸ் 15 நாளும்தான் வைத்திருக்கும். போன மாதச் சிக்கலை ஆராய வரும்போது தரவு இருக்காது.

இதை எழுதத் தூண்டிய நிறுவனத்தில் நாங்கள் கடைசியில் செய்தது சின்ன வேலைதான். கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்த ஒரு அம்மாவை அழைத்து, "எந்த எண் தப்பாக இருந்தால் உங்களுக்குப் பதறும்?" என்று கேட்டோம். தாளை எடுத்து ஏழெட்டு வரி எழுதிக் கொடுத்தார். அதில் பாதி எங்கள் திரையில் எங்குமே இல்லை. பணம் வந்து ஆர்டர் உறுதியாகாதவை, ஒதுக்கி வைத்த வரிசையின் நீளம், அன்றைய நிகழ்வுகளின் கூட்டுத் தொகைக்கும் கணக்கேட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று மூன்றை முதலில் ஏற்றினோம். உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். புது மென்பொருளை நிறுவும் முன் அவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.