கூரையைத் திறக்கும் நாளில் வரைந்தவரும் அங்கே இருக்க வேண்டும்

பழைய வணிகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதல் வரைபடத்தில் பாதி ஊகம்தான். சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது, முன்பு இருந்தவர்கள் மேற்கூரைக்குள் எதை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் உடைத்துப் பார்க்கும் நாளில்தான் தெரியும். அதனால்தான் வரைவதையும் கட்டுவதையும் ஒரே குழுவிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத் தளத்தைப் புதுப்பித்தோம். நான் அப்போது வடிவமைப்பாளர் தரப்பில் இருந்தேன். கட்டியவர்கள் டெண்டர் மூலம் தனியாக வந்தவர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 600 மி.மீ. இடம் இருக்கிறது என்று பழைய வரைபடத்தை நம்பி, 400 மி.மீ. உயர ஏசி டக்ட், அதாவது குளிர்காற்று செல்லும் தகரக் குழாய், வரைந்திருந்தோம். சீலிங்கைப் பிரித்தபோது உத்தரத்துக்கு அடியில் 280 மி.மீ. கூட இல்லை. டக்டோ முன்பே செய்து முடிக்கப்பட்டு வாசலில் அடுக்கப்பட்டிருந்தது. தளத்தில் அளந்து சரிபார்ப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று நாங்கள் கடிதம் எழுதினோம். கொடுத்த வரைபடத்துக்குத்தான் விலை சொன்னோம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். இரண்டு கடிதங்களிலும் நியாயம் இருந்தது. மூன்று வாரம் வேலை நின்றது. அந்த மூன்று வாரமும் பழைய அலுவலகத்துக்கும் புதிய அலுவலகத்துக்கும் சேர்த்து வாடகை கட்டியவர் உரிமையாளர். எங்கள் தரப்புக் கடிதத்தை எழுதியவன் நான். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்தச் சிக்கலுக்கு நூறாண்டுக்கும் மேல் வயதாகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர் கப்பல்துறை கட்டும்போது, இடையில் குறுக்கிட்ட ஆறு அடிக் கழிவுநீர்க் கால்வாயை அரசு கொடுத்த வரைபடத்தின்படியே ஒப்பந்ததாரர் ஸ்பியரின் மாற்றி அமைத்தார். ஓராண்டு போல் கழித்து, பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தபோது அது உடைந்து, தோண்டிய குழி முழுவதும் வெள்ளம். அதனோடு இணைந்த இன்னொரு கால்வாய்க்குள் ஒரு தடுப்பு இருந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் அது குறிக்கப்படவில்லை. கொடுத்த வரைபடத்தின்படி கட்டியவர் அந்த வரைபடத்தின் குறைக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று 1918-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்பியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்ததாரருக்கு நியாயம் கிடைத்தது. வரைபடத்தைக் கையில் கொடுத்த உரிமையாளர் தலையில் பொறுப்பு இறங்கியது.

வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே குழுவிடம் ஒரே ஒப்பந்தத்தில் கொடுத்தால் இந்த இடைவெளி அடைபடுகிறது. வரைந்தவரும் கட்டுபவரும் ஒரே கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருவரையொருவர் காட்டித் தப்பிக்க வழியில்லை. கூரையைத் திறந்ததும் கூடத்திலேயே நின்று டக்டின் பாதையை மாற்றி, அன்று மாலையே புதிய அளவைப் பட்டறைக்கு அனுப்பலாம். கழிவறைக் குழாய்க்காகத் தரையில் துளை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பிகள் பதித்த கான்கிரீட் தரையாக இருந்தால் ஒரு கம்பி அறுந்தாலும் ஆபத்து. ரேடார் கருவியால் தேடிய பிறகே துளையிட வேண்டும். கம்பி குறுக்கிட்டால் துளையைச் சற்று நகர்த்த வேண்டும். துளை நகர்ந்தால் கழிவறையின் குழாய்ச் சரிவு மாறும். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மூன்று நிறுவனங்களில் சிதறிக் கிடந்தால் முடிவு வருவதற்குள் மாதம் ஓடிவிடும்.

காலமும் மிச்சமாகும். மின்பலகை, ஏசி இயந்திரம், லிஃப்ட் போன்றவை ஆர்டர் கொடுத்துப் பல வாரங்கள் கழித்தே வரும். ஒரே குழுவாக இருந்தால் உட்புறச் சுவர்களின் வரைபடம் முடியும் முன்பே அவற்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, இடிக்கும் வேலையையும் தொடங்கிவிடலாம். கடையை மூடாமலே பகுதி பகுதியாகப் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் இந்த முறையில் நீங்கள் இழப்பதும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. தனியாக அமர்த்திய வடிவமைப்பாளர் உங்கள் சார்பில் தளத்துக்கு வந்து, பூச்சு சரியில்லை, திரும்பச் செய் என்று சொல்லக்கூடியவர். ஒரே குழுவில் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கட்டுபவரே. விலையை நிர்ணயித்த பிறகு தரத்தைக் குறைத்தால் லாபம் கூடும் என்ற சபலம் எந்த நிறுவனத்துக்கும் வரும். ஆகவே, குழுவோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரை வாரத்துக்குச் சில மணி நேரமாவது உங்கள் செலவில் அமர்த்துங்கள். சுவரையும் சீலிங்கையும் மூடுவதற்கு முன் அவர் பார்த்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை இரண்டு கட்டமாகப் பிரிப்பது நல்லது. முதல் கட்டத்தில் சீலிங்கையும் சுவரையும் ஆங்காங்கே திறந்து பார்க்கும் ஆய்வும் வடிவமைப்பும் மட்டும். நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் நார் பழைய பொருள்களில் இருக்கிறதா என்ற சோதனையும் இதில் அடங்க வேண்டும். கட்டுமான விலையை அதன் பிறகே கேளுங்கள். திறந்து பார்க்காமல் முதல் சந்திப்பிலேயே முழு விலை சொல்பவர், பின்னால் கூடுதல் பில் அனுப்புவார், அல்லது அபாயத்துக்கென்று இப்போதே விலையை ஏற்றியிருப்பார். முதல் கட்டத்தோடு பிரிய நேர்ந்தால் வரைபடங்களைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இது.

தேவைகளை அளக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். 'நல்ல ஏசி' என்பதற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. 'நாற்பது பேர் அமர்ந்திருக்கும்போது அறை 24 டிகிரியில் இருக்க வேண்டும்' என்றால் தெர்மாமீட்டரை வைத்துக் கேட்கலாம். தடுப்புச் சுவர் இடம் மாறினால் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளரும் புகை உணரியும் மாற வேண்டியிருக்கும். அது விலைக்குள் அடங்குகிறதா என்று கேளுங்கள். கட்டுபவரின் காப்பீடு வடிவமைப்புப் பிழையையும் ஏற்கிறதா என்று பத்திரத்தையே வாங்கிப் பாருங்கள். பல காப்பீடுகள் ஏற்பதில்லை.

ஒரே குழு என்று பலகை மாட்டிக்கொண்டு, வரைபடத்தை வெளியே யாரிடமோ கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்திடும் முன் வரையப்போகிறவரைத் தளத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்து ஏணி கேட்டு, டார்ச்சோடு சீலிங்குக்குள் தலையை நீட்டுகிறாரா என்று நானாக இருந்தால் கவனிப்பேன்.

வெறும் வண்ணப்பூச்சும் தரை விரிப்பும் மாற்ற இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பாரம்பரியக் கட்டடம் என்றால், அந்தத் துறை அறிந்த கட்டடக் கலைஞரைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேகத்தைவிட நிதானம் முக்கியம்.

வேலை முடிந்ததும், உண்மையில் கட்டியபடி திருத்திய வரைபடங்களையும், மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும், வால்வுகள் இருக்கும் இடங்களின் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். இறுதித் தவணை இவை கைக்கு வந்த பிறகுதான் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், தாமதமில்லாமல் வந்து சேரும்.